ஈரமாகாத துண்டு

மில் குடியிருப்பு,
நவம்பர் 4

அன்பு மகள் மாரிவிக்குக்கு,

நீயும் மாப்பிள்ளை டெரெக்கும் பேத்தி ஹேஸலும் அந்தக் கால்கரிக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று செபஸ்தியாரிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அவர் காதில் விழுகிறதா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதலாம், ஆனால் பொய் எழுதுவதற்காக இந்த எழுபத்தெட்டு வயதில் மழையில் நடந்துபோய்த் தாளும் உறையும் வாங்கி வந்திருக்க வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை கூடவுமில்லை குறையவுமில்லை, இடது கால் வீக்கம் மட்டும் சாயங்காலமானால் வந்துவிடுகிறது. அவள் என்னோடு பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. சோறு போடுகிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேச்சு மட்டும் கிடையாது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் போய்வந்தோம். வழக்கம்போலத் துவரையும் பலாக்காயும் போட்ட பன்றிக் குழம்பு, தென்னங்குருத்தில் கட்டிய ஒட்டரிசி, சீட்டுக்கட்டு, நாற்காலிகள் என்று பாதி வீட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெலிங் அத்தைக்கு எண்பத்தொன்று ஆகிறது, மூத்திரத்துக்குப் போக இரண்டு பேர் பிடிக்க வேண்டும், ஆனால் நம் சோற்றுப் பக்கம் வந்த நாயை உட்கார்ந்த இடத்திலிருந்து மெழுகுவர்த்தித் துண்டால் அடித்தாள் பார், சாஃப்ட்பால் அணியில் பந்து வீசிய கை அப்படியே இருக்கிறது. பெர்டோ சித்தப்பாவால் மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை. குத்துச்சண்டை மேடையில் வாங்கிய குத்துகள் எல்லாம் இப்போது கையில் நடுக்கமாக வந்திருக்கின்றன. தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதார், நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். உன் தம்பி ரோலி வரவில்லை. தாத்தா கல்லறைக்கு அவன் வராத முதல் வருஷம் இதுதான்.

கடிதம் எதற்கு, போன் இருக்கிறதே என்று நினைப்பாய். ஞாயிறுதோறும் நீ கூப்பிடுவது அம்மாவை. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து படித்த செய்தித்தாளையே மறுபடியும் புரட்டிக்கொண்டிருப்பேன். வைக்கும்போது, “கோச் சாப்பிட்டாரா?” என்று கேட்பாய். “சாப்பிட்டார்” என்பாள் அம்மா. இருபத்தேழு வருஷமாக நமக்குள் இருக்கும் பேச்சு அவ்வளவுதான். நீச்சல் குளத்தில் இருக்கும்போது கோச், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அப்பா என்று உனக்கும் ரோலிக்கும் சட்டம் போட்டவன் நானேதான். ஜகார்த்தா போட்டியிலிருந்து திரும்பிய பிறகு நீ அந்த வாசலைத் தாண்டவே இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். முதல் நாளே கவனித்தேன். கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதை முழுதாகக் கேட்டுவிட்டேன். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதால் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுகிறாள், தெருவே கேட்கும். ஹேஸல் பள்ளிக்கூடத்து நீச்சல் அணியில் சேர வேண்டும் என்று இரண்டு வாரமாக உன் உயிரை வாங்குகிறாள் என்றாய். அம்மா சந்தோஷமாக, “சேத்து விடேன்டி” என்றாள். அதற்கு நீ, “வேணாம்மா. இது நம்ம ரத்தம். எல்லாம் நல்லாத்தான் போகும், கடைசி நேரத்துல கைய விட்ரும். அவ என்ன மாதிரி ஒரு குளத்துக்கு முன்னாடி நின்னு அவமானப்பட வேணாம்” என்றாய். நம்ம ரத்தம் என்று நீ சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த எண்ணம் உன்னுடையது இல்லை. உனக்குப் பதினெட்டு வயதில் நான் உன் தலையில் ஏற்றி வைத்தது அது, நீ அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இறக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அப்போது நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன் மகளே.

இப்போது குளத்துச் செய்திக்கு வருகிறேன். மில் மூடியபிறகு குளம் நகராட்சியின் கைக்குப் போனது உனக்குத் தெரியும். வரும் ஏப்ரலில் மாகாணப் பள்ளிகள் போட்டியை இங்கே நடத்தப்போகிறார்களாம். அதற்காக ஓடு மாற்ற, குழாய் மாற்ற என்று ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். யாரென்று நினைக்கிறாய், உன் பக்கத்துத் தடத்தில் நீந்துவாளே நிம்ஃபா, அவள் மகள் ஜோசெல். சின்னப் பெண், தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சிவப்புப் புள்ளி விழும் அளவுக் கருவி. நானும் கூடவே நடந்தேன். எந்த மூலையில் எந்த வருஷம் ஓடு பெயர்ந்தது என்று எனக்குத்தானே தெரியும். அவள் ஒரு முனையில் கருவியை வைத்தாள், பார்த்தாள், மறுபடியும் வைத்தாள், மூன்றாவது தடவையும் வைத்தாள். பிறகு, “கோச், தப்பா நெனச்சுக்காதீங்க, இந்தக் குளம் அம்பது மீட்டர் இல்ல” என்றாள். “அம்பது இல்லாம பின்ன அறுபதா?” என்றேன் நான். “நாப்பத்தொம்பது மீட்டர், எழுபத்தி நாலு சென்டிமீட்டர்” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கருவியக் கொண்டுபோய் மாத்தும்மா, நேரம் குறிக்கிற அறையில உன் முப்பாட்டன் காலத்துச் சான்றிதழ் தொங்குது, போய்ப் படி” என்று சத்தம் போட்டேன். ஐம்பது மீட்டர் என்று உன் தாத்தா கையெழுத்துப் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியது. 1934இல் மணிலாவில் தூரக்கிழக்குப் போட்டியில் நீந்தியவர், இந்தக் குளத்தைக் கட்டும்போது கொத்தனார்களோடு கூடவே நின்று அளந்தவர். அவர் அளந்ததைத் திரும்ப அளப்பது நம் வீட்டில் யாருக்காவது தோன்றியிருக்குமா? அவர் கல்லறையைத் தோண்டி அவர்தானா என்று பார்ப்பது போல அல்லவா இருந்திருக்கும்.

அந்தப் பெண் வாதாடவில்லை. “நீங்களே அளங்க கோச்” என்றாள். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து இரும்பு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். எத்தனையோ வருஷம் கழித்துத் தண்ணீரில் இறங்கினேன், ஆழமில்லாத பக்கம் நெஞ்சளவு தண்ணீரில் நின்று நாடாவின் ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையில் அவள் குப்புறப் படுத்து எட்டிப் பிடித்தாள். எண்ணை அவள் வாயால் சொல்லவில்லை, நாடாவில் விரலை வைத்து அப்படியே சுற்றிக்கொண்டு வந்து என் கண் முன்னால் காட்டினாள். நாற்பத்தொன்பது எழுபத்து நாலு. நான் ஏறி வந்து நாலாவது தடத்துத் தொடக்க மேடையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே எல்லாம் தெரிந்துவிட்டது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

உனக்குப் பதினாறு வயதில் வந்த நிலநடுக்கம் ஞாபகம் இருக்கிறதா, ஆழப் பக்கத்துச் சுவர் வெடித்து ஒரே ராத்திரியில் குளம் வடிந்துபோனதே. கம்பெனி அப்போதே தள்ளாடிக்கொண்டிருந்தது, பொறியாளர் யாரும் வரவில்லை. நானும் மில்லின் இரண்டு கொத்தனார்களுமாக வெடித்த சுவரை இடிக்காமல் அதற்கு உள்பக்கமாகப் புதுச் சுவர் ஒன்று எழுப்பி ஓடு பதித்தோம். பழைய சுவரை இடித்தால் மேடையும் சரியும் என்று பயம். பழைய ஓரக்கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவர்மேல் வைத்தோம், பின்னால் இருந்த இடைவெளியைச் சிமென்ட் போட்டு மெழுகினோம். கண்ணுக்கு அச்சாக முன்பு இருந்தது போலவே இருந்தது. தண்ணீர் நிரப்பினபோது ஒன்றே ஒன்று நடந்தது. தடங்களைப் பிரிக்கும் கயிறுகள் ஆறும் தொய்ந்து கிடந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா, பழுது பார்த்த ஆறு வாரமும் வெயிலில் கிடந்து கயிற்றுக்குள் ஓடும் கம்பி நீண்டுவிட்டது என்று சொல்லி ஒவ்வொரு கயிற்றிலிருந்தும் இரண்டிரண்டு மிதவைகளைக் கழற்றினேன். என் கையாலேயே. பன்னிரண்டு மிதவைகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வைத்தேன், அந்தச் சாக்கு இன்னும் குளியலறைப் பக்கம் கிடக்கிறது. இரும்புக் கம்பி ஆறு வாரத்தில் கால் மீட்டர் நீளுமா? ஒரு பச்சைப்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

ஒரு பிள்ளை சொல்லவும் செய்தது. நீ சொன்னாய். குளம் திறந்த முதல் வாரம் நீ திரும்பும்போதெல்லாம் குதிகாலைச் சுவரில் மோதிக்கொண்டாய், இரண்டு குதிகாலும் கன்றி நீலமாகிவிட்டன. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். நீ ஒரு காலைப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டே என்னிடம், “அப்பா, சுவர் சீக்கிரம் வருது. அடியில இருக்கற கோட்டுக்கும் சுவருக்கும் நடுவுல எடம் கொறஞ்சு போச்சு” என்றாய். நான் சிரித்தேன். “சுவரு எங்கயும் நடந்து போகல. ஆறு வாரம் கடல்ல நீந்தி நீதான் திரும்பறத மறந்துட்ட” என்றேன். நீ மறுநாளும் சொன்னாய், நான் அதட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து நீ சொல்லவில்லை. ஒரு வாரத்தில் காலை மடக்கும் கணக்கை மாற்றிக்கொண்டாய், குதிகால் ஆறிவிட்டது. பதினாறு வயதில் உன் குதிகாலுக்குத் தெரிந்தது, முப்பது வருஷம் குளத்தோரம் நின்ற என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷம் குளத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் நேரமும் திடீரென்று குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலில் ஆறு வாரம் நீந்தியதால்தான் என்று முடிவு கட்டினேன். டுமன்காஸ் கோச்சின் கடல் பயிற்சி என்று நீச்சல் சங்கத்தில் பேசச் சொன்னார்கள், செபுவுக்குக் கூப்பிட்டார்கள், மணிலாவுக்குக் கூப்பிட்டார்கள், கட்டுரைகூட எழுதினேன். வருஷா வருஷம் பிள்ளைகளை அலையில் இறக்கி ஆறு வாரம் வாட்டினேன். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அதே பிள்ளைகள் மெதுவாக வந்தார்கள். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், தைரியம் போதவில்லை என்று. பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் தைரியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன், நீ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாய். பகோலோட் பத்திரிகைக்காரன் உனக்கு வீட்டுக் குளத்து ராணி என்று பேர் வைத்தபோது நான் அவனைக் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தானே தோன்றியது.

ஜகார்த்தாவைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை, இப்போதாவது எழுதிவிடுகிறேன். இங்கே உன்னுடைய எண்ணூறு மீட்டர் நேரம் ஒன்பது நிமிஷம் இரண்டு புள்ளி நாலு. அதை வைத்துத்தான் உன்னை அனுப்பினார்கள், பதக்கம் நிச்சயம் என்று மேயர் விருந்தே வைத்தார். அங்கே நீ ஒன்பது நிமிஷம் நாலு புள்ளி ஒன்று. மூன்றாவது வந்த பெண் மூன்று புள்ளி ஏழு. நம் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு, ஜெயித்தாலும் கடைசியாக வந்தாலும் தண்ணீரைவிட்டு ஏறும் பிள்ளையின் தோளில் வீட்டு ஆள் ஒருவர் துண்டைப் போர்த்த வேண்டும், போர்த்தாமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அன்று நீ ஏணியில் ஏறி வந்து என் முன்னால் நின்றாய். உதடு நீலமாக இருந்தது. நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, “நீ தோக்கல, பயந்துட்ட. தோத்தவளுக்குத் துண்டு உண்டு, பயந்தவளுக்குக் கெடையாது” என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். தாய்லாந்துப் பெண் ஒருத்தியின் அம்மா தன் துண்டை உன் மேல் போட்டதைப் பின்னால் திரும்பிப் பார்த்தபோது கண்டேன். பார்த்தும் நடந்தேன். வீட்டில் அம்மா என் பையைப் பிரித்தபோது துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. “துண்டு காஞ்சிருக்கே” என்றாள். நீ ஒரு மாதத்தில் தாதிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாய், அதற்குப் பிறகு நீ தண்ணீரில் காலை நனைத்து நான் பார்க்கவில்லை.

அளந்த அன்று வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எல்லாம் கீழே இறக்கினேன். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு நீளத்துக்கு இருபத்தாறு சென்டிமீட்டர் குறைவு, எண்ணூறுக்குப் பதினாறு நீளம். ஆக இங்கே நீ எண்ணூறு என்று நீந்தியதில் நாலு மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்திருக்கிறது. உன் வேகத்துக்கு அது கிட்டத்தட்ட மூன்று விநாடி. முழுக் குளமாக இருந்திருந்தால் இங்கே உன் நேரம் ஒன்பது நிமிஷம் ஐந்துக்குக் கீழே வந்திருக்காது. அப்படியென்றால் ஜகார்த்தாவில் நீ மெதுவாக நீந்தவில்லை மாரிவிக். அதற்கு முன்னால் உன் வாழ்க்கையில் நீ அவ்வளவு வேகமாக நீந்தியதே இல்லை. ஒரு விநாடிக்கு மேல் உன்னையே நீ முந்தியிருக்கிறாய். நம்பாமல் அன்றைய நூறு நூறு மீட்டர் நேரங்களையும் பார்த்தேன், என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. கடைசி நூறு, ஒரு நிமிஷம் ஆறு புள்ளி இரண்டு. பாய்ந்து தொடங்கிய முதல் நூறைத் தவிர மற்ற எல்லாவற்றையும்விட வேகம் அதுதான். கையை விட்ட பிள்ளை கடைசியில் வேகம் கூட்டுமா? இதை நானே எழுதி வைத்துவிட்டு நானே படிக்கவில்லை. நான் தேடியது நீ பயந்த இடத்தை, அதனால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். “கேட்டுச்சு” என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “என் புள்ளைய ஊர விட்டே ஓட்டினது ஒரு சுவரு. அதக் கட்டினது நீ. போன்ல சொல்லாத, நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ வெச்சிருவா. எழுது. அவ கையில வெச்சு எத்தன தடவ வேணும்னாலும் படிக்கட்டும்” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. எழுத உட்காருவேன், கிழிப்பேன், மறுபடியும் உட்காருவேன். அவள் குப்பையில் கிடக்கும் தாளைப் பார்ப்பாள்.

ரோலியிடம் சொன்னதுதான் தப்பாகப் போனது, தப்பு என்றும் சொல்ல முடியாது. அவனுடைய இருநூறு மீட்டர் சாதனையும் அந்தச் சுவரில் தொட்டு முடித்ததுதான். பகோலோட்டில் அவன் நடத்தும் நீச்சல் வகுப்பின் பலகையில் சாதனைக் குடும்பம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். “அந்த இஞ்சினியர் பொண்ணே கேட்டா இல்ல, இத அறிக்கையில எழுதணுமான்னு. எப்படியும் இடிச்சுட்டுப் புதுசாக் கட்டத்தானே போறாங்க. நீங்க ஏன் வாயத் தொறக்கறீங்க? என் பேரையும் அக்கா பேரையும் நீங்களே அழிக்கணுமா?” என்று கத்தினான். அவன் சொன்னது உண்மைதான், ஜோசெல் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். ஒரு ராத்திரி முழுக்க அந்த ஆசை எனக்கும் இருந்தது, மறைக்க மாட்டேன். எழுதாமல் விட்டால் குளத்துச் சாதனைப் பலகையில் உன் பெயர் இருக்கும், தாத்தா சான்றிதழ் இருக்கும், கோச் டுமன்காஸ் இருப்பான். ஜகார்த்தாவில் நீ பயந்தவளாகவே இருப்பாய். காலையில் அவளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிவிட்டேன், சங்கத்துக்கும் நானே தனியாக ஒரு கடிதம் போட்டேன். பதில் வந்துவிட்டது. நீ, ரோலி, இன்னும் பதினான்கு பேர், அந்தச் சுவர் எழுந்த நாளிலிருந்து இங்கே செய்த எதுவும் கணக்கில் இல்லை. உன்னிடம் கேட்காமல் உன் பெயரை எடுத்துவிட்டேன். அதுவும் சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை, என் சரி தவறுகளை நம்பும் காலம் போய்விட்டது.

மற்றவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன், இருவர் செத்துப்போயிருக்கிறார்கள். நிம்ஃபா சந்தையில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “அட கோச், அப்ப மக்கு நான் இல்லையா? சுவருதானா? மணிலாவுல ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு நான் ராத்திரி கழிப்பறையில ஒக்காந்து என் கன்னத்துல நானே அடிச்சுக்குவேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு இரண்டு கிலோ மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மீனை என்னால் சாப்பிட முடியவில்லை, அம்மா மட்டும் சாப்பிட்டாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, இரண்டும் வேறு. குளம் அளவு தவறாக இருந்ததற்கு மட்டும் என்றால் வயதானவன் தெரியாமல் செய்தது என்று தள்ளிவிடலாம். துண்டை நான் தெரிந்துதான் பிடித்துக்கொண்டேன். குளம் சரியாக இருந்து, நீ நிஜமாகவே பயந்து, எல்லோருக்கும் பின்னால் வந்திருந்தாலும் அந்தத் துண்டு உன்னுடையது. இதைச் சொல்ல எனக்கு ஒரு அளவுக் கருவி தேவைப்பட்டது பார், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருக்கிறது.

ஹேஸல் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, சொல்லும் தகுதியும் இல்லை. நீச்சல் வேண்டாம் என்று நீ வேறு எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும் அது உன் இஷ்டம், குளிர், படிப்பு, தூரம், எதுவானாலும் சரி. ரத்தம் என்று மட்டும் சொல்லாதே. நம் ரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நான் அளந்து பார்த்துவிட்டேன். அவள் ஒருவேளை நீந்தினால் நேரம் குறித்து எனக்கு அனுப்ப வேண்டாம். படம் ஒன்று அனுப்பு, அது போதும், அம்மா பெரிதாக்கி மாட்டிக்கொள்வாள்.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் வெல்லம் வைத்துச் சுட்ட பியாயா ரொட்டி இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன், வெல்லம் உருகாமல் வர வேண்டும். மாப்பிள்ளைக்கு அது பிடிக்குமென்று அம்மா சொல்வாள். அந்தத் துண்டை அனுப்பலாமா என்றும் யோசித்தேன். அலமாரியில்தான் இருக்கிறது, மடித்தது மடித்தபடி. எடுத்துப் பார்த்தேன், மடிப்பு ஓரமெல்லாம் இற்றுப்போய்க் கையோடு வருகிறது, யாரையும் துவட்டுகிற நிலைமையில் இல்லை. திரும்ப வைத்துவிட்டேன். டிசம்பரில் அந்தச் சுவரை இடிக்கிறார்கள். நானும் போய் நிற்கப்போகிறேன், ஜோசெல் நாற்காலி போடுகிறேன் என்றிருக்கிறாள்.

மாதாவும் செபஸ்தியாரும் உன் வீட்டுக் கூரைமேல் கண் வைத்திருக்கட்டும். நீ போகிற வழியெல்லாம் பனி சறுக்காமல் இருக்கட்டும். ஹேஸல் உன்னைவிட உயரமாக வளரட்டும். ராத்திரி வேலை முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காதே, காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று, குதிகாலில் வெடிப்பு வந்தால் பார்த்துக்கொள். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. இந்தக் கடிதம் வந்துவிட்டதா என்று மட்டும் அவளிடம் சொல், அவள் என்னோடு பேச அது போதும். வழக்கமாகக் கேட்பதைக் கேட்பதாக இருந்தால் கேள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கையெழுத்துப் போடும் இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். போட வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். அதை நானாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நீ சொன்னால்தான் உண்டு. அதனால் நீ கூப்பிடுகிறபடியே போடுகிறேன்.

இப்படிக்கு,
கோச்